உங்க ஊர்லயே பண்ணிக்கோங்க!

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. மார்ச் கணக்கு, ஆடிட், டிரான்ஸ்ஃபர் வதந்தி என்று வழக்கமான சாக்குகள் எல்லாம் உண்டு. ஆனால் இந்தப் பதிவு தள்ளிப் போனதற்குக் காரணம் அதெல்லாம் இல்லை. எழுதினால் என்னையும் சேர்த்துத்தான் திட்ட வேண்டியிருக்கும். அதனால்தான்.

2025 ஆரம்பத்தில் ஒரு நாள். எங்க ப்ராஞ்சுக்கு ஒரு பெரியவர் வந்தார். திருவண்ணாமலைப் பக்கம் சொந்த ஊர். நாற்பது வருஷம் முன்னால் பொம்மனஹள்ளி இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் லேத் வேலைக்கு வந்தவர், இப்போது ஹொங்கசந்திராவில் மகன் வீட்டில் இருக்கிறார். வயது 72. கையில் டெபாசிட் ரசீது, 2 லட்சத்து 80 ஆயிரம். முதிர்வுக்கு இன்னும் பதினோரு மாதம் இருந்தது.

"இப்பவே எடுக்கணும் சார்."

"வட்டியில கொஞ்சம் வெட்டுவோம் ஐயா, பரவாயில்லையா?"

"வூட்டுக்காரிக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வைக்கணுமாம் சார்."

அதற்கப்புறம் பாஸ்புக்கைத் திருப்பி, பழைய பக்கம் ஒன்றை எடுத்து விரலை வைத்தார். வருஷா வருஷம் மே மாதக் கடைசியில் ஒரு பற்று. முதலில் 12 ரூபாய், 2022-லிருந்து 20 ரூபாய். "இது ஆஸ்பத்திரிக்காகப் பிடிக்கிற காசுதானே சார்? இதுல ஏதாவது வருமா?"

அது பிரதமரின் சுரக்‌ஷா பீமா. விபத்தில் இறந்தாலோ ஊனமானாலோ 2 லட்சம் வரை கிடைக்கும். வயது 18-லிருந்து 70 வரை. ஸ்டென்டுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. தவிர, அவருக்கு 70 தாண்டியதும் அதுவும் நின்று விட்டது. அதைச் சொன்னேன். "ஓ, அப்படியா சார்" என்று பாஸ்புக்கை மூடிக்கொண்டார். டெபாசிட்டை உடைத்துப் பணத்தை அனுப்பிக் கொடுத்தேன். கையெழுத்து வாங்கினேன். போய் விட்டார்.

அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. 70 வயதில் அந்த விபத்துக் காப்பீடு முடிகிற இடத்திலேயே இன்னொரு கதவு திறந்து சில மாதங்கள் ஆகியிருந்தது. 2024 அக்டோபர் 29-ஆம் தேதியிலிருந்து, 70 வயது நிறைந்த யாராக இருந்தாலும், பணக்காரரோ ஏழையோ, ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை எடுக்கலாம். வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை. பிரீமியம் பூஜ்யம்.

எனக்கு அது தெரியாதா? செய்தியில் படித்திருந்தேன். ஆனால் வாயில் வரவில்லை. ஏன் தெரியுமா? அந்த அட்டைக்கு எங்களுக்கு டார்கெட் இல்லை. டார்கெட் உள்ள பாலிசி எதுவானாலும், உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்போம். கமிஷன் இல்லாத அட்டையைப் பற்றிச் சொல்ல எந்தக் கவுன்டரிலும் ஆள் இல்லை. பி.காம். படித்து, இருபது வருஷத்துக்கு மேல் அடுத்தவர் பணத்தை எண்ணிக்கொண்டிருக்கிற நான் அன்றைக்குச் செய்தது வெறும் கிளார்க் வேலை.

அதற்கு எனக்குக் கிடைத்த தண்டனை இரண்டே மாதத்தில் வந்தது.

அம்மா எங்களுடன் பொம்மனஹள்ளிக்கு வந்தது 2019-ல், அப்பா போன பிறகு. சொந்த ஊர் ஊத்தங்கரை. வயது 71. ஒரு காலையில் பாத்ரூமில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. எனக்கு பேங்க் கொடுக்கிற மருத்துவக் காப்பீடு உண்டு. ஆனால் அப்பாவின் குடும்ப ஓய்வூதியம் வருவதால் அம்மா என்னைச் 'சார்ந்தவர்' கணக்கில் வரவில்லை. பரவாயில்லை, அந்த 70 வயது அட்டை இருக்கிறதே என்று ஆம்புலன்சில் போகும்போதுதான் ஞாபகம் வந்தது. சாமி கும்பிடாதவனுக்குக் கஷ்டத்தில் சாமி ஞாபகம் வருகிற மாதிரி.

பக்கத்தில் இருந்த தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம். பில்லிங் கவுன்டரில் இருந்த பெண் ஆதாரைத் திருப்பிப் பார்த்தார். முகவரி ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி மாவட்டம்.

"சார், இது தமிழ்நாடு அட்ரஸ். நிம்ம ஊரல்லே மாடிஸ்கொள்ளி."

உங்க ஊர்லயே பண்ணிக்கோங்க! முறிந்த இடுப்போடு அம்மாவை ஹோசூர் ரோடு டிராஃபிக்கில் அத்திப்பள்ளி தாண்டி ஊருக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமாம். அந்தப் பெண் மீது எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். தமிழ் முகவரி என்பதால் சொன்னார் என்று நினைக்காதீர்கள், ராய்ச்சூர் ஆளிடமும் வேறு ஏதாவது சொல்லியிருப்பார். ஊரில் மச்சானுக்குப் போன் போட்டேன். "முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு வருமானச் சான்றிதழ் வேணும், வருஷம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள்ள இருக்கணும். உங்களுக்கு எங்க மாமா வரும்?" என்றார். உண்மைதான். வராது.

இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. அம்மாவின் டெபாசிட்டை உடைத்தேன். அந்த வவுச்சரில் அதிகாரி கையெழுத்து போட்டது என் பக்கத்து சீட் நண்பர். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. :-(

சொந்தக் கதை போதும். நான் சண்டை போட வந்தது இரண்டு வாக்கியங்களோடு. ஒன்று கவுன்டரில் சொல்வது: "உங்க ஊர்லயே பண்ணிக்கோங்க." இன்னொன்று நம் வீடுகளில், நாமே, கொஞ்சம் பெருமையாகச் சொல்வது: "அதெல்லாம் ஏழைங்களுக்கு, நமக்கு எதுக்கு?" இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம் அப்பா அம்மாக்கள் மாட்டிக்கொண்டு சேமிப்பைத் தொலைக்கிறார்கள்.

நமக்கு எதுக்கு?

முதலில் வீட்டு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம், கவுன்டரைத் திட்டுவதற்கு முன்னால்.

நாம் சம்பாதிக்க ஆரம்பித்ததும் முதலில் விட்டுத் தொலைப்பது ரேஷன் கடையை. அதில் தப்பில்லை. ஆனால் அரசாங்கம் கொடுக்கிற எதுவும் நமக்கில்லை என்று ஒரு மிதப்பு வந்துவிடுகிறது பாருங்கள், அங்கேதான் தப்பு. அரசு மருத்துவக் காப்பீடு என்பது வேட்டி சேலை மாதிரி இலவசம் அல்ல. நீங்கள் சோப்பு வாங்கும்போது கட்டிய வரி, அப்பா பீடிக் கட்டு வாங்கும்போது கட்டிய வரி, உங்கள் சம்பளத்தில் பிடித்த வரி, எல்லாம் சேர்ந்துதான் அந்த 5 லட்சம். ஐம்பது வருஷம் பிரீமியம் கட்டிவிட்டு, க்ளெய்ம் வரும்போது "எனக்கு எதுக்குங்க" என்று சொல்கிற கஸ்டமரை நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்க்கிறேன், தினமும்.

பேங்க்காரன் கணக்கில் பாருங்கள். 2024 மார்ச் வரை 65 வயது தாண்டியவருக்குப் புதிதாக மெடிக்ளெய்ம் கொடுத்தே ஆக வேண்டும் என்று கம்பெனிகளுக்குக் கட்டாயம் இல்லை. 2024 ஏப்ரலில் வந்த புதிய விதிதான் அந்த வயது வரம்பைத் தூக்கியது. தூக்கிய பிறகும் ஏற்கனவே உள்ள வியாதிக்கு மூன்று வருஷம் வரை காத்திருக்கச் சொல்லலாம். எழுபது வயதில் சர்க்கரை, பிரஷர் இல்லாதவர் யார் இருக்கிறார்? மூத்தவர்கள் பிரீமியத்தைக் கம்பெனிகள் இஷ்டத்துக்கு ஏற்றியதால்தான், 2025 ஜனவரியில் காப்பீட்டு ஆணையம் தலையிட்டு, வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதென்றால் எங்களைக் கேட்டுவிட்டு ஏற்று என்று சொல்ல வேண்டி வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. போனது நல்ல விஷயம். ஆனாலும் பெரியவர்களுக்கு அது இன்னும் விலை அதிகமான சரக்குதான்.

இதற்குப் பக்கத்தில் வய வந்தனா அட்டையை வைத்துப் பாருங்கள். பிரீமியம் இல்லை. மெடிக்கல் செக்கப் இல்லை. காத்திருப்புக் காலம் இல்லை, பழைய வியாதிக்கும் முதல் நாளிலிருந்தே உண்டு. வருமானச் சான்றிதழ் இல்லை. தனியார் பாலிசி வைத்திருந்தாலும் எடுக்கலாம். இ.எஸ்.ஐ. இருந்தாலும் எடுக்கலாம். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ்., முன்னாள் ராணுவத்தினருக்கான ஈ.சி.எச்.எஸ். போன்றவற்றில் இருப்பவர்கள் மட்டும் அது அல்லது இது என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குடும்பம் ஏற்கனவே ஆயுஷ்மான் திட்டத்தில் இருந்தால், 70 தாண்டியவருக்கு மட்டும் தனியாக இன்னொரு 5 லட்சம், அதைச் சின்னவர்கள் தொட முடியாது. அப்பா அம்மா இருவருமே 70 தாண்டியிருந்தால் இருவருக்கும் சேர்த்து 5 லட்சம்.

"பணக்காரங்களுக்கு எதுக்கு சார் இலவசம்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. என் பதில்: வருமான வரம்பு வைத்தால் வெளியே தள்ளப்படுவது பணக்காரர் இல்லை, எங்க அம்மா மாதிரி ஆட்கள்தான். பணக்காரர் எப்படியும் ஸ்கீம் வார்டுக்கு வரப்போவதில்லை. குடும்ப ஓய்வூதியம் வாங்கும் விதவை, மகன் சம்பளத்தால் 'வசதியானவர்' ஆகிப்போன அப்பா, இவர்கள்தான் காகிதத்தில் பணக்காரர்கள். மகன் சம்பளம் அப்பாவின் பாக்கெட்டில் இருக்கிறதா என்று எந்தத் தாசில்தாரும் கேட்பதில்லை. வயதைக் கேட்டால் போதும். வயதில் பொய் சொல்லி யாரும் கிழவன் ஆக முடியாது.

உங்க ஊர் எது?

இப்போது கவுன்டர் வாக்கியம்.

முன்னாடியெல்லாம் பேங்க் கணக்கு ஒரு கிளையோடு கட்டிப்போடப்பட்டிருக்கும். ஊத்தங்கரை பாஸ்புக்கை வைத்துக்கொண்டு பெங்களூரில் பணம் எடுக்க முடியாது. "உங்க ப்ராஞ்சுக்குப் போங்க" என்று நாங்களும்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். கோர் பேங்கிங் வந்தது, கிளையின் வாடிக்கையாளர் வங்கியின் வாடிக்கையாளர் ஆனார். ஓய்வூதியம் வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறார் என்று நிரூபிக்க ஊருக்குப் போக வேண்டியிருந்தது. 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் வந்தது, எந்த ஊரிலும் கைரேகை வைத்தால் போதும். ரேஷன்கூட 'ஒரே நாடு ஒரே ரேஷன்' ஆகி, 2022-ல் எல்லா மாநிலமும் சேர்ந்துவிட்டது. தருமபுரி கார்டுக்கு உண்டான மத்திய அரசு அரிசியைப் பொம்மனஹள்ளியில் வாங்கலாம்.

பணம் பயணம் செய்கிறது. பென்ஷன் பயணம் செய்கிறது. அரிசி பயணம் செய்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டில் மட்டும் ஏன் ஊரிலேயே உட்கார்ந்திருக்கிறது?

காரணம் இருக்கிறது. 2018 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் வந்தபோது அதற்கு அடிப்படை 2011-ல் எடுத்த சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பு. அந்தப் பட்டியலில் பெயர் இருக்கும் குடும்பம் நாட்டில் எங்கு போனாலும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் சிகிச்சை எடுக்கலாம். அது விதி. ஆனால் மாநிலங்கள் தங்கள் பணத்தில் கூடுதலாகச் சேர்த்த குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு அந்தந்த மாநில விதிதான். தமிழ்நாட்டில் 2009-ல் கலைஞர் காப்பீடாகத் தொடங்கி 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடாக நடப்பதில் இரண்டு வகையினரும் ஒரே திட்டத்துக்குள் இருக்கிறார்கள். கையில் உள்ள அட்டை எந்த வகை என்று நம் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.

கர்நாடகத்தில் 2018-லிருந்து ஆயுஷ்மான் பாரத் ஆரோக்கிய கர்நாடகா. இதில் எல்லாமே கர்நாடக ரேஷன் கார்டின் நிறத்தைப் பொறுத்தது. பி.பி.எல். கார்டு என்றால் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம். ஏ.பி.எல். என்றால் பேக்கேஜ் தொகையில் 30 சதவீதம்தான் அரசு தரும், அதுவும் வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் வரை. தவிர, நேராகத் தனியார் மருத்துவமனைக்குப் போய் அட்டையை நீட்ட முடியாது. முதலில் அரசு மருத்துவமனை. அங்கே முடியாது என்றால் அவர்கள் ரெஃபரல் எழுதிக் கொடுக்க வேண்டும். உயிருக்கு ஆபத்தான அவசரங்களுக்கு மட்டும்தான் ரெஃபரல் விலக்கு. இந்த ஒரு விதி தெரியாமல் நம்மவர்கள் நேராகத் தனியாருக்குப் போய், அட்டை செல்லாது என்றதும் "அரசாங்கம் ஏமாத்திடுச்சு" என்று திரும்பி வருகிறார்கள்.

இப்போது நம் நிலைமையைப் பாருங்கள். ரேஷன் கார்டு ஊரில் அண்ணன் பெயரோடு. ஆதார் முகவரி பாதிப் பேருக்கு ஊரில், பாதிப் பேருக்கு இங்கே. உடம்பு மட்டும் முப்பது வருஷமாகப் பொம்மனஹள்ளியில். கார்மெண்ட்ஸ், லேத், கட்டட வேலை, வீட்டு வேலை என்று இந்த ஊரின் பாதி வேலையைச் செய்த கைகள். சில்க் போர்டு ஜங்ஷனில் நம் காலடி படாத கல் இல்லை. ஆனால் நோய் வந்தால் "உங்க ஊர்."

எது எங்க ஊர்? வரி கட்டுவது இங்கே, ஓட்டு சிலருக்கு அங்கே, அட்டை எங்கேயும் இல்லை!

பணத்தில் மத்திய அரசு பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40. எந்த மாநிலத்து நோயாளிக்கு எந்த மாநிலம் தருவது, மத்திய அரசு போடுவது போதுமா என்று மேலே இழுபறி. பேக்கேஜ் தொகை கட்டுப்படியாகவில்லை, பணம் தாமதமாக வருகிறது என்று தனியார் மருத்துவமனைகளின் புலம்பல். அதில் நியாயமும் இருக்கலாம். ஆனால் ஒன்று கேட்கிறேன். இரண்டு பேங்குகளுக்கு நடுவில் தினமும் ராத்திரி கோடிக்கணக்கில் கணக்குத் தீர்க்கிறோம். இந்தக் கிளையில் போட்ட செக், அந்தப் பேங்கில் பாஸ் ஆகி வருகிறது. எவனாவது கஸ்டமரை நிறுத்தி வைத்து, "அந்த பேங்க் எங்களுக்குப் பாக்கி, நீங்க உங்க ஊருக்குப் போங்க" என்று சொல்கிறோமா? செட்டில்மென்ட் எங்கள் தலைவலி, கஸ்டமர் தலைவலி இல்லை. ரெண்டு மாநிலங்களுக்கு நடுவில் அதே மாதிரி கணக்குத் தீர்க்க முடியாதென்றால் அது தொழில்நுட்பக் குறை இல்லை. மனசுக் குறை.

அறுபதுக்கும் எழுபதுக்கும் நடுவில்

இன்னொரு வயிற்றெரிச்சல். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007, 60 வயதானால் மூத்த குடிமகன் என்கிறது. வருமான வரிச் சட்டத்திலும் 60. எங்க பேங்கில் 60 ஆனதும் டெபாசிட்டுக்கு அரை சதவீதம் கூடுதல் வட்டி. காப்பீட்டுக்கு மட்டும் 70! அமெரிக்காவில் 1965-ல் மெடிகேர் கொண்டு வந்தபோதே 65 என்று வைத்தார்கள். இங்கே 58-லோ 60-லோ வேலையை விட்டு அனுப்பிவிடுவோம், அலுவலகக் காப்பீடு அன்றோடு போய்விடும், அப்புறம் பத்து வருஷம் நோய் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூட்டு தேய்வதும் இதயக் குழாய் அடைப்பதும் அந்தப் பத்து வருஷத்தில்தானே! 60-லிருந்து கொடுங்கள் என்று கேட்பது பேராசை இல்லை. உங்கள் சட்டத்தை நீங்களே மதியுங்கள் என்பதுதான்.

ஆதாரில் வயதைக் குத்துமதிப்பாகப் போட்டுக்கொண்ட நம் பெரியவர்கள் கதை இன்னும் மோசம். உண்மையில் 73, ஆதாரில் 68. இந்தத் திட்டத்தில் வயதுக்கு ஆதாரம் ஆதார்தான். பிறந்த தேதியை ஒரு முறைதான் மாற்ற முடியும், அதற்கும் ஆவணம் வேண்டும். வீட்டில் பிறந்த தலைமுறையிடம் பிறப்புச் சான்றிதழ் கேட்டால் எங்கே போவார்கள்? அப்பாவின் பள்ளி டி.சி., பழைய பாஸ்போர்ட் ஏதாவது கிடைக்குமா என்று இன்றைக்கே பரணில் தேடுங்கள்.

சரி, என்ன செய்யலாம்?

சண்டை போட்டால் மட்டும் போதாது, அம்மாவுக்கு அடுத்த மாதமே தேவைப்படலாம். எனவே நான் பட்டுத் தெரிந்துகொண்டது:

1. 70 நிறைந்த பெற்றோர், மாமனார் மாமியார் யாராக இருந்தாலும் இந்த வாரமே வய வந்தனா அட்டையைப் பதிவு செய்யுங்கள். உங்கள் செல்போனில் ஆயுஷ்மான் ஆப்பே போதும். ஆதார் எண், ஓ.டி.பி. அல்லது முகப்பதிவு, ஒரு போட்டோ. ஆதாரோடு எந்தப் போன் நம்பர் இணைந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஊரில் பழுதாகிக் கிடக்கிற அப்பாவின் பழைய நம்பராகத்தான் இருக்கும். சந்தேகத்துக்கு 14555.

2. அட்டை வந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். திட்டத்தை நடத்துவது மாநிலம். எந்த மருத்துவமனை, எந்தச் சிகிச்சை, ரெஃபரல் வேண்டுமா என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு மருத்துவமனைகளைக் குறித்துக்கொண்டு, எல்லோரும் நன்றாக இருக்கும்போதே ஒரு நாள் போய், அங்கே இருக்கும் ஆரோக்கிய மித்ராவைப் பார்த்து, "இந்த அட்டைக்கு இங்கே என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். இதய நோய்க்கு ஜெயதேவா, புற்றுநோய்க்கு கித்வாய் என்று பெங்களூரில் அரசு நிறுவனங்களே உண்டு. தனியார் வாசலில் நிற்பதற்கு முன்னால் அவற்றை நினையுங்கள்.

3. இதில் வராதது என்ன என்றும் தெரிந்துகொள்ளுங்கள். மாதா மாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரை, சாதாரண டாக்டர் ஃபீஸ் வராது. அட்மிஷன் ஆகிற சிகிச்சைக்குத்தான். சேர்வதற்கு முன் மூன்று நாள், வீடு திரும்பியபின் பதினைந்து நாள் வரையிலான செலவு அதிலேயே அடக்கம். அட்டை இருக்கிறதே என்று உள்ள தனியார் பாலிசியை நிறுத்திவிடாதீர்கள்.

4. இங்கேயே நிரந்தரமாக இருக்கப் போகிறவர்கள் ஆதார் முகவரியை இங்கே மாற்றுங்கள், கர்நாடக ரேஷன் கார்டுக்கு முயற்சி செய்யுங்கள். ஊர் கார்டில் பெயரை நீக்கினால் ஊரையே நீக்கிவிட்ட மாதிரி ஒரு வலி இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் கார்டு வேறு, ஊர் வேறு.

5. கார்மெண்ட்ஸ், கம்பெனி வேலையில் மாதம் 21,000 வரை சம்பளம் வாங்கும் தம்பி தங்கைகளே, உங்கள் இ.எஸ்.ஐ.யில் உங்களைச் சார்ந்திருக்கும் அப்பா அம்மாவையும் சேர்க்கலாம். அவர்களின் சொந்த வருமானத்துக்கு ஒரு வரம்பு உண்டு, அவ்வளவுதான். 70 ஆகும்வரை காத்திருக்க வேண்டாம். எச்.ஆரிடம் கேளுங்கள்.

6. பாஸ்புக்கில் பிடிக்கும் 20 ரூபாய் விபத்துக்கு. 436 ரூபாய் ஆயுள் காப்பீட்டுக்கு. இரண்டும் ஆஸ்பத்திரிக்கு இல்லை. இதைப் பெரியவர்களிடம் உட்கார வைத்துச் சொல்லுங்கள். பேங்கில் சொல்ல மாட்டார்கள். நான்தான் சாட்சி.

அம்மா இப்போது வாக்கர் வைத்து நடக்கிறார். டெபாசிட் போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "உனக்கு சிரமம் குடுத்துட்டேன்பா" என்றுதான் சொன்னார். அட்டை எடுத்துக் கையில் கொடுத்தபோது, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என் பேர்லயா வருது?" என்றார். அவர் வாழ்க்கையில் ரேஷன் கார்டில் அப்பா பெயருக்குக் கீழே, பென்ஷன் புத்தகத்தில் அப்பா பெயருக்குப் பின்னால் இருந்தவர்.

அந்தப் பெரியவர் நவம்பரில் திரும்ப வந்தார், பி.எஃப். பென்ஷனுக்கு உயிர்ச் சான்று கொடுக்க. மெஷினில் கட்டைவிரல் வைத்தார். மூன்றாவது தடவையில்தான் எடுத்தது, லேத் பிடித்துத் தேய்ந்த ரேகை. மனைவி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன், நன்றாக இருக்கிறார் என்றார். பேரன் கூட வந்திருந்தான். அவன் போனிலேயே உட்கார்ந்து அவருக்கும், அன்று சாயங்காலம் வீட்டில் இருந்த பாட்டிக்கும் பதிவு செய்யும் வழியைச் சொல்லிக் கொடுத்தேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

"இதுக்கு எவ்வளவு பிடிப்பீங்க சார்?"

"ஒண்ணும் பிடிக்க மாட்டோங்க ஐயா."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். கோபமெல்லாம் இல்லை.

"அப்போ அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்."